கேலமங்கலம் பக்கம் கோஸில் வைரமுதுகுப் புழு: மூன்று முறை அடித்தும் அடங்கவில்லை

கேலமங்கலம்_தோட்டம்

வணக்கம். ஒன்றரை ஏக்கர் முட்டைக்கோஸ். குழித்தட்டு நாற்று, 45 செ.மீ.க்கு 45 செ.மீ., சொட்டுநீர். நட்டு இன்றைக்கு 34 நாள். வெளி இலையெல்லாம் சல்லடை, செடிக்கு ஐந்தாறு பச்சைப் புழு இருக்கிறது. 15ஆம் நாள் குளோரான்ட்ரனிலிப்ரோல், 23ஆம் நாள் ஃப்ளூபென்டியமைடு, 30ஆம் நாள் மறுபடி குளோரான்ட்ரனிலிப்ரோல் அடித்தாயிற்று. நாலு நாள் கழித்தும் புழு அப்படியே ஓடுகிறது. கடையில் அளவை இரண்டு மடங்காக்கி, கூடவே சைபர்மெத்ரின் கலந்து அடிக்கச் சொல்கிறார்கள். மேற்கே பக்கத்து நிலத்தில் அறுவடை முடிந்த கோஸின் அடிக்கட்டை அப்படியே நிற்கிறது. தெற்கே ஒருவரின் மல்பெரி. அடுத்து என்ன செய்யலாம்?

பயிர்நோக்கி

அளவைக் கூட்ட வேண்டாம். சைபர்மெத்ரினும் வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் அது வைரமுதுகுப் புழுதானா என்று உறுதி செய்யுங்கள். கோஸில் நாலு வகைப் புழு வரும், நாலுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். வைரமுதுகுப் புழு என்றால் முன்னும் பின்னும் துடித்து நெளியும், நூல் விட்டு இலையிலிருந்து கீழே தொங்கும். இரண்டு முனையும் கூர்ந்து, நடு உடல் பருத்து, வெளிர்பச்சையாக இருக்கும். முழுதாக வளர்ந்தாலும் ஒரு செ.மீ. அளவுதான். இலையின் அடியிலிருந்து சுரண்டித் தின்று மேல்தோலை மட்டும் விட்டுவைக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கண்ணாடித்தாள் ஒட்டிய ஜன்னல் மாதிரி தெரியும். அந்தத் தோல் காய்ந்து விழுந்த பிறகுதான் ஓட்டை.

நடுக்குருத்தில் நூலாம்படையும் எச்சமும் சேர்ந்து, உள்ளே கோடு போட்ட புழு இருந்தால் அது குருத்து துளைப்பான். குருத்து போன செடி பக்கத்தில் மூன்று நாலு குட்டித் தலைகளை விடும், சந்தைக்கு ஆகாது. இலைகளை வலைபோல் பின்னி உள்ளே கும்பலாக இருந்தால் இலைப்பின்னும் புழு. இலையடியில் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியலும், ஒரே இலையில் நூற்றுக்கணக்கான குஞ்சுப் புழுவும் தெரிந்தால் புரோடீனியா என்ற புகையிலை வெட்டுப்புழு. இந்த இரண்டுக்கும் அந்த இலையைக் கிள்ளி வாளியில் போடுவதே பாதி வேலையை முடித்துவிடும்.

கேலமங்கலம்_தோட்டம்

துடிக்கிறது, நூலில் தொங்குகிறது. வைரமுதுகுதான். குருத்து பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, உள் இலைகள் இப்போதுதான் கிண்ணம் போல் மடங்கத் தொடங்குகின்றன.

பயிர்நோக்கி

அப்படியானால் பயிர் கைவிட்டுப் போகவில்லை. இந்தப் பயிரில் காப்பாற்ற வேண்டியது குருத்தும், தலை சுற்றப்போகும் இலைகளும்தான். வெளி இலை ஓட்டையானாலும் தலையின் எடை பெரிதாகக் குறையாது. கிண்ணம் மடங்கத் தொடங்கி, தலை இறுகும் வரை உள்ள நாட்கள்தான் முக்கியம். அப்போது உள்ளே புகுந்த புழுவை எந்த மருந்தும் தொடாது.

இனி மருந்து விஷயம். நீங்கள் மூன்று முறையும் அடித்தது ஒரே குடும்பம். குளோரான்ட்ரனிலிப்ரோல், ஃப்ளூபென்டியமைடு, சயன்ட்ரனிலிப்ரோல் எல்லாமே புழுவின் தசையில் உள்ள ஒரே வாயிலைத்தான் திறந்துவிடுகின்றன. பெயரும் டப்பாவும் வேறு, வேலை ஒன்று. அதைத் தாங்கும் புழு ஒன்று தப்பினால் மூன்றிலும் தப்பும். பிலிப்பைன்ஸிலும் தாய்லாந்திலும் இந்தக் குடும்பம் கோஸுக்கு வந்து இரண்டு ஆண்டுக்குள் வயலில் தோற்றது. இந்தப் பூச்சிக்கு இது பழைய வழக்கம். ஜாவாவில் 1950களின் தொடக்கத்திலேயே டிடிடியைத் தாங்கிக்கொண்டது. புழுக்கொல்லியாகத் தெளிக்கும் பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியாவுக்கு வயலில் எதிர்ப்பு காட்டிய முதல் பூச்சியும் இதுதான், ஹவாயில். இரட்டிப்பு அளவு என்றால் நடுத்தரமாகத் தாங்குகிறவை செத்து, நன்றாகத் தாங்குகிறவை மட்டும் மிஞ்சும். அடுத்த தலைமுறை முழுக்க அவற்றின் குஞ்சுதான்.

சைபர்மெத்ரின் வகையை இது எப்போதோ கடந்துவிட்டது. புழுவைக் கொல்லும் குளவிதான் அதில் சாகும். பத்து நாளில் அசுவினி கிளம்பும்.

தளவாடி_விவசாயி

ஒரு விஷயம் சேர்க்கிறேன். எதிர்ப்பு சக்தி என்று முடிவு கட்டும் முன் தெளித்த விதத்தைப் பாருங்கள். கோஸ் இலையில் மெழுகுப் பூச்சு உண்டு. ஒட்டுப்பசை இல்லாத மருந்து மணிமணியாக உருண்டு தரைக்குப் போய்விடும். ஒரு இலையில் வெறும் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், முத்து முத்தாக நின்றால் பசை போதவில்லை. லிட்டருக்கு அரை மில்லி முதல் ஒரு மில்லி போதும். அதிகமானாலும் கெடுதல்தான், மருந்து வழிந்து ஓடிவிடும்.

பவர் ஸ்ப்ரேயர் கன்னில் அடிப்பவர்கள் நிறைய. பெரிய சொட்டு, மேலிருந்து கீழே. புழு இலைக்கு அடியில். ஹாலோ கோன் நாசில் போட்டு, குழாயைச் செடி உயரத்துக்குத் தாழ்த்தி, நாசிலை மேல்நோக்கித் திருப்பி இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். இந்த வயதுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் வேண்டும். 100 லிட்டரில் முடித்தால் நடு இலையின் அடிப்பக்கம் நனையவே நனையாது.

அளவும் பாருங்கள். குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5 எஸ்.சி. (18.5 சதவீத திரவ மருந்து) கோஸுக்கு எக்டருக்கு 50 மில்லி, அதாவது ஏக்கருக்கு 20. 16 லிட்டர் டேங்க் பன்னிரண்டரை வரும், டேங்குக்கு 1.6 மில்லி. மூடியில் ஊற்றுகிறவர்கள் அஞ்சு மில்லி போடுகிறார்கள், அல்லது அரை மில்லி. இரண்டுமே எதிர்ப்பு சக்தியை வளர்க்கும். ஊசி இல்லாத சிரிஞ்சு பத்து ரூபாய், அதை வைத்து அளந்து, முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, அந்த வாளியிலிருந்து டேங்குக்குப் பிரித்து ஊற்றுங்கள்.

கேலமங்கலம்_தோட்டம்

ஒட்டுப்பசை போட்டோம். நாசில் கோன்தான். ஏக்கருக்கு 180 லிட்டர் ஆகிறது. அளவு சிரிஞ்சில்.

பயிர்நோக்கி

அப்படியானால் மருந்தின் குடும்பத்தை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் நாளைக்கே அடிக்காதீர்கள். வயலில் ஐந்து இடம், இடத்துக்கு நாலு செடி, மொத்தம் 20 செடி பாருங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று எண்ணிக்கை எழுதுங்கள்: சின்னப் புழு (அரை செ.மீ.க்குக் கீழ்), பெரிய புழு, கூட்டுப்புழு.

கூட்டுப்புழுவே அதிகம் என்றால் இப்போது அடிப்பது வீண். கூட்டை எந்த மருந்தும் உருப்படியாகக் கொல்லாது. அது அந்துப்பூச்சியாகி, முட்டை வைத்து, குஞ்சு வெளிவர உங்கள் பக்கத்து வெயிலுக்கு ஏழெட்டு நாள் ஆகும். அந்தச் சின்னப் புழு தெரியும் நாள்தான் சரியான நாள். சின்னப் புழு செடிக்குச் சராசரி இரண்டைத் தாண்டினால் அடிக்கலாம். நம் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் பொருளாதாரச் சேதநிலையும் செடிக்கு 2 புழுதான்.

அடிக்க வேண்டி வந்தால்: ஸ்பினோசாட் 2.5 எஸ்.சி., ஏக்கருக்கு 240 முதல் 280 மில்லி, 200 லிட்டர் தண்ணீரில். எட்டாம் நாள் மறுபடி எண்ணுங்கள். தேவைப்பட்டால் அதே தலைமுறைக்குள் இன்னொரு முறை அதையே அடிக்கலாம். அதன்பின் வரும் தலைமுறைக்கு ஸ்பினோசாட் கூடாது, ஸ்பைனிடோரமும் கூடாது, இரண்டும் ஒரே குடும்பம். அப்போது எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. (5 சதவீத குருணை, தண்ணீரில் கரையும்) ஏக்கருக்கு 60 முதல் 80 கிராம், அல்லது இண்டோக்சாகார்ப் 14.5 எஸ்.சி. 80 முதல் 106 மில்லி.

பலர் வாரம் ஒரு மருந்து மாற்றுவதைச் சுழற்சி என்று நினைக்கிறார்கள். அது சுழற்சி இல்லை. ஒரே தலைமுறைப் புழு மூன்று குடும்ப மருந்தையும் சந்தித்து, மூன்றுக்கும் பழகிவிடும். ஒரு தலைமுறைக்கு ஒரு குடும்பம், அடுத்ததற்கு வேறு. ஓசூர் மேட்டில் வெயில் காலத்தில் ஒரு தலைமுறை மூன்று வாரம் அளவு. ஊட்டிக் குளிரில் அதைவிட நீளும்.

குளவிக்காவலன்

ஸ்பினோசாட் விஷயத்தில் மாறுபடுகிறேன். ஈரம் காயும் வரை அது ஒட்டுண்ணிக் குளவிகளையும் (புழுவுக்குள் வளர்ந்து அதைக் கொல்பவை) கொல்லும், தேனீயையும் கொல்லும். கூட்டுப்புழு எண்ணும்போது இன்னொன்றையும் எண்ணச் சொல்லுங்கள்.

வைரமுதுகின் கூடு சல்லடைத் துணி போன்றது. உள்ளே பச்சையாகவோ மஞ்சளாகவோ புழுவின் உருவம் தெரியும். அதே சல்லடைக்குள் இரண்டு முனையும் மழுங்கிய, பழுப்பு நிறக் குப்பி மாதிரி ஒன்று இருந்தால் அது டயடெக்மா குளவி. இலையில் தனியாக, அரிசி நொய் அளவு வெள்ளைக் கூடு ஒட்டியிருந்தால் அது கொட்டேசியா குளவி. பத்துக் கூட்டில் நாலைந்து இப்படி இருந்தால் ஸ்பினோசாட்டை எடுக்காமல் பி.டி.யில் சமாளிக்கப் பாருங்கள்.

டயடெக்மாவை வெளியிலிருந்து கொண்டுவந்து நீலகிரியில் விட்டார்கள், அங்கே நிலைத்தது. குளிர் வேண்டும் அதற்கு, 25, 27 டிகிரிக்கு மேல் தங்காது. உங்கள் உயரத்தில் கொட்டேசியாதான் அதிகம் எதிர்பார்க்கலாம்.

பி.டி. குர்ஸ்டாகி லிட்டருக்கு 2 கிராம், ஏக்கருக்கு 400 கிராம். மாலை நாலரைக்கு மேல் மட்டும், வெயிலில் சில நாளிலேயே செயலிழந்துவிடும். புழு தின்றால்தான் வேலை செய்யும், சின்னப் புழுவுக்கு நன்றாகக் கேட்கும், பெரிய புழுவுக்குக் கேட்காது. மறுநாள் காலை போய்ப் பார்த்து "புழு சாகவில்லை" என்று முடிவு செய்யாதீர்கள். சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தும், சாக இரண்டு மூன்று நாளாகும். உங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் கடினம். பி.ஹெச். தாளில் 8க்கு மேல் காட்டினால் எலுமிச்சைச் சாறு விட்டு 7க்குக் கொண்டுவந்துவிட்டுக் கலக்குங்கள். கரைத்ததை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. போர்டோ கலவையோடு சேர்க்கவே கூடாது, அதன் சுண்ணாம்பு பி.டி.யைக் கெடுத்துவிடும்.

பயிர்நோக்கி

குளவிக்காவலன் சொல்வது சரி, ஒரு நிபந்தனையோடு. செடிக்கு ஐந்தாறு பெரிய புழு இருக்கும் வயலை பி.டி. மட்டும் தூக்கி நிறுத்தாது. எண்ணிக்கை இரண்டு மூன்று, எல்லாம் சின்னது என்றால் பி.டி. போதும். இப்போது ஒரு ஸ்பினோசாட், அடுத்த தலைமுறை தொடங்கும்போது பி.டி. என்று போகலாம்.

பட்டுக்கூடு_ராயக்கோட்டை

எல்லாரும் மருந்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். தெற்கே மல்பெரி இருக்கிறது என்று அவர் முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. நம் மாவட்டத்தில் கோஸும் பட்டும் பக்கத்துப் பக்கத்து வரப்பில்தான் இருக்கின்றன.

மேலே சொன்ன அத்தனை மருந்தும் புழுவைக் கொல்லத்தான். பட்டுப்புழுவும் புழுதான். குளோரான்ட்ரனிலிப்ரோல், ஃப்ளூபென்டியமைடு, ஸ்பினோசாட், எமாமெக்டின் எல்லாமே மிகச் சிறிய அளவிலேயே அதைச் சாய்க்கும். பி.டி. இயற்கை மருந்து என்று அசட்டையாக இருக்கக் கூடாது, பட்டுப்புழுவுக்கு அதுவும் எமன்தான். இலையில் சாரல் பட்டால் போதும், ஒரு புழு வளர்ப்பு மனையில் உள்ள புழு முழுக்கப் போகும். ஒரு குடும்பத்தின் ஒரு மாத வருமானம் அது.

அடிக்கும் முன் அந்தத் தோட்டக்காரரிடம் நேரில் சொல்லுங்கள். எந்தப் பட்டம், புழு எந்தப் பருவம், எப்போது இலை பறிக்கிறார் என்று கேளுங்கள். அவர் முன்கூட்டியே இலையைப் பறித்துக்கொள்ளலாம். வடக்கிலிருந்து தெற்கே காற்று வீசும்போது அடிக்கவே கூடாது. மல்பெரிப் பக்கம் கடைசி ஏழெட்டு வரிசைக்கு மருந்தை விட்டுவிட்டு, கூட்டையும் புழுவையும் ஆள் வைத்துப் பொறுக்குங்கள். மருந்து அடித்த டேங்கை அந்தப் பக்க வாய்க்காலில் கழுவாதீர்கள். அதே டேங்கை மல்பெரிக்கு இரவல் கொடுக்கவும் வேண்டாம்.

கேலமங்கலம்_தோட்டம்

நன்றிங்க ஐயா. இன்று மாலையே அவரிடம் போய்ப் பேசுகிறேன். வேப்பங்கொட்டைக் கரைசல் இந்த நிலையில் உதவுமா?

தளவாடி_விவசாயி

உதவும், ஆனால் இருக்கும் பெரிய புழுவைக் கொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள். முட்டை வைப்பதைக் குறைக்கும், சின்னப் புழு தின்பதையும் தோலுரிப்பதையும் தடுக்கும். ஒரு முறை மருந்துக்கும் அடுத்த முறைக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். மல்பெரிப் பக்கம் இதுவும் படக் கூடாது.

5 சதவீதக் கரைசலுக்கு ஏக்கருக்குப் 10 கிலோ பருப்பு. கொட்டை பறித்து மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும், எட்டு மாதத்துக்கு மேல் பழசு வேண்டாம். உடைத்துப் பாருங்கள், பருப்பு பச்சை கலந்த நிறமாக இருக்க வேண்டும். கறுத்ததும் பூசணம் பிடித்ததும் தள்ளுபடி. வெயிலில் காய்ந்த கொட்டையில் சத்து இருக்காது, நிழலில் உலர்த்தியதை வாங்குங்கள். இடித்த தூளைத் துணியில் கட்டி 20 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். காலையில் மூட்டையைப் பிழிந்து பிழிந்து எடுத்தால் பால் மாதிரி வரும். தண்ணீர் வெளிறிப்போகும் வரை பிழிய வேண்டும், அதற்குள் நிறுத்துகிறவர்கள்தான் வேப்பங்கொட்டை கேட்கவில்லை என்கிறார்கள். இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்து ஊற்றி, 200 லிட்டர் ஆக்கி, அன்றைக்கே மாலை மூன்றரைக்கு மேல் அடித்துவிடுங்கள். சோப்பை வடிகட்டாமல் போட்டால் நாசில் அடைக்கும்.

நாற்றங்கால்

கடுகுப் பொறிப்பயிர் (அந்துப்பூச்சியைத் தன் பக்கம் இழுக்கும் பயிர்) பற்றி ஒருவரும் எழுதவில்லையே? 25 வரிசை கோஸுக்கு இரண்டு வரிசை கடுகு. முதல் வரிசை கோஸ் நடுவதற்கு 15 நாள் முன்பு, இரண்டாவது நட்ட 25ஆம் நாள்.

பயிர்நோக்கி

இந்தப் பயிருக்கு நேரம் கடந்துவிட்டது, அடுத்ததற்கு நல்லது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் சொன்ன முறை அது. தோற்கும் இடம் எப்போதும் ஒன்றுதான்: கடுகை விதைத்துவிட்டு மறந்துவிடுவார்கள். அந்துப்பூச்சி கடுகில் முட்டை வைக்கும், புழு வளரும், கடுகு பூத்து முற்றிக் காயும்போது அத்தனையும் கோஸுக்கு இறங்கும். கடுகு அப்போது பொறி இல்லை, புழுப் பண்ணை. இரண்டு வரிசை இரண்டு தேதியில் போடச் சொல்வதே எப்போதும் ஒரு வரிசை இளசாக இருக்க வேண்டும் என்பதற்குத்தான். கடுகில் வாரம் ஒரு முறை புழுவைப் பார்த்து, பி.டி.யோ வேப்பங்கொட்டையோ அடிக்க வேண்டும். பழைய கையேடுகளில் கடுகுக்கு டைகுளோர்வாஸ் என்று இருக்கும். அதைப் பின்பற்ற வேண்டாம், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அது தடை செய்யப்பட்ட மருந்து.

நாற்றங்கால்

சாயங்காலம் ஸ்பிரிங்க்ளர் போட்டால் அந்துப்பூச்சி இணைசேராது என்கிறார்களே?

குளவிக்காவலன்

உண்மைதான், அந்தி நேரத்தில்தான் அது பறந்து இணைசேரும். பலத்த மழையில் சின்னப் புழு கழுவிப் போவதும் உண்டு. ஆனால் ராத்திரி முழுக்க இலை ஈரமாக இருந்தால் கருப்பு அழுகல் நோய் பரவும். இலை விளிம்பிலிருந்து நடுநரம்பை நோக்கி மஞ்சள் முக்கோணம், அதற்குள் நரம்பு கறுத்திருக்கும். அது ஒரு செடியில் தெரிந்தாலும் ஸ்பிரிங்க்ளரை எடுத்துவிடுங்கள். சொட்டுநீர் வைத்திருப்பவர் இதற்காக மாற்ற வேண்டாம்.

கேலமங்கலம்_தோட்டம்

எண்ணிவிட்டேன். 20 செடியில் சின்னது 71, பெரியது 22, கூடு 38. கூட்டில் 5 மட்டும் வெள்ளைக் குளவிக் கூடு. மல்பெரிக்காரர் நாலு நாளில் இலை பறித்து முடிப்பதாகச் சொன்னார். ஓரத்தில் சில செடியில் சாம்பல் பூசினது போல அசுவினியும் இருக்கிறது.

பயிர்நோக்கி

சின்னது மட்டும் செடிக்கு மூன்றரை. குளவி குறைவு. ஸ்பினோசாட் ஒரு முறை, அவர் இலை பறித்து முடித்த மறுநாள். தெற்கு வரிசைகளை விட்டுவிடுங்கள். அந்த நாலு நாளில் நீங்கள் எண்ணிய 38 கூட்டில் பாதி பூச்சியாகிவிடும், அதனால் எட்டாம் நாள் எண்ணிக்கையைத் தவறவிடாதீர்கள். அவர் புழு மறுபடி இலை தின்னும் முன் உங்கள் அடுத்த தேதியையும் சொல்லிவிடுங்கள்.

அசுவினிக்குத் தனி மருந்து இப்போது வேண்டாம். அப்பிய இலையைக் கிள்ளி எடுங்கள். நடுவில் பழுப்பாக உப்பி, அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினி இருந்தால் அதற்குள் வேறொரு குளவி வளர்கிறது, அந்த இலையை விட்டுவையுங்கள். தலை இறுகும் முன் அடக்கிவிட வேண்டும், உள் மடிப்பில் புகுந்தால் வியாபாரி கோஸைப் பிரித்துப் பார்த்துத் தள்ளிவிடுவார்.

இனக்கவர்ச்சிப் பொறி ஏக்கருக்கு ஐந்து வையுங்கள், செடிக்கு ஒரு அடி மேலே. அது ஆண் பூச்சியை மட்டும் பிடிக்கும், அதனால் புழு குறையும் என்று நம்ப வேண்டாம். எப்போது புதிய அலை வருகிறது என்று சொல்லும், அதற்குத்தான். பொறிக்குள் வைக்கும் கவர்ச்சி மாத்திரையை வெறும் கையால் தொடாதீர்கள்.

தளவாடி_விவசாயி

மேற்கே நிற்கிற அடிக்கட்டையை மறந்துவிடாதீங்க. வெட்டிய கட்டையில் பக்கத்தளிர் வரும், அந்துப்பூச்சிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. உங்கள் பக்கம் எத்தனை முறை அடித்தாலும் காற்றில் அங்கிருந்து வந்துகொண்டே இருக்கும். அந்த நிலத்துக்காரரிடம் கேட்டு, ஒரு உழவுக் கூலியை நீங்களே கொடுத்தாலும் லாபம்தான். ரோட்டவேட்டரில் அடித்து மண்ணுக்குள் போட வேண்டும். வரப்பில் குவித்து வைத்தால் கூடு அங்கேயே பூச்சியாகும்.

கேலமங்கலம்_தோட்டம்

கேட்கிறேன். கடைசியாக ஒன்று: அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும்?

பயிர்நோக்கி

ஸ்பினோசாட், எமாமெக்டின், குளோரான்ட்ரனிலிப்ரோல் மூன்று நாள். இண்டோக்சாகார்ப், ஃப்ளூபென்டியமைடு ஏழு நாள். உங்கள் டப்பாவில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தலை இறுகி முடிந்த பிறகு வெளி இலையில் புழு தெரிந்தாலும் அடிக்க வேண்டிய அவசியமில்லை. அறுக்கும்போது இரண்டு வெளி இலையை உரித்துவிட்டால் போதும். உரித்த இலையை வயலிலேயே போடாமல் மாட்டுக்குக் கொடுங்கள், கடைசித் தெளிப்பிலிருந்து குறைந்தது பத்து நாள் கடந்திருந்தால் மட்டும். உங்கள் கட்டையையும் கடைசி அறுப்பு முடிந்த வாரத்திலேயே உழுதுவிடுங்கள்.